வினா ஒன்று, விடை எட்டு!

(மதுரையில் தோழர்களுக்கான பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



வீடு வீடாகச் சென்று மக்களைச் சந்தித்துத் திரும்பும் நம் நண்பர்கள் பலர் ஒரே குறையை வெவ்வேறு சொற்களிலே கூறுகின்றனர். "கேட்டது ஒன்று, அவர்கள் சொன்னது ஒன்று" என்கிறார் உசிலம்பட்டிப் பக்கம் சென்று வந்தவர். "ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லிவிட்டால் என்ன? ஊர்க்கதை முழுவதையும் சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள்" என்கிறார் மேலூர் வட்டாரத் தோழர். "எதைக் கேட்டாலும் எதிர்க்கேள்விதான்" என்று சலித்துக் கொள்கிறார் திருமங்கலத்துக்காரர். இவ்வளவையும் கேட்டுக் கொண்டிருந்த படித்த நண்பர் ஒருவர், "காரண காரியத்தோடு சிந்திக்கும் பழக்கம் நம் மக்களிடம் வளரவில்லை" என்று தீர்ப்பே வழங்கிவிடுகிறார்!

அந்தத் தீர்ப்பின்மீது மேல்முறையீடு செய்யவே இன்று வந்திருக்கிறேன்.

நன்னூலைப் பள்ளியிலே படித்திருப்பீர்கள். தேர்வு முடிந்ததும் மறந்தும் இருப்பீர்கள். 13ஆம் நூற்றாண்டு வாக்கில் பவணந்தியார் ஆக்கிய அந்த இலக்கண நூல், வினா ஆறு வகை என்றும் விடை எட்டு வகை என்றும் கூறுகிறது. "கடைக்குப் போவாயா?" என்று கேட்கிறோம். "போவேன்" என்பது நேர்விடை. "போக மாட்டேன்" என்பது மறைவிடை. கடைக்கு வழி எது என்று கேட்டால் "இது" என்று காட்டுவது சுட்டுவிடை. இம்மூன்றையும் எவரும் புரிந்து கொள்வர். ஆனால், "நீயே போ" என்றால்? அதுவும் விடைதான், ஏவல் விடை. "போகாமல் இருப்பேனா?" என்பது வினாவுக்கு எதிராக வினாதல். "கால் வலிக்கிறது" என்பது உற்றது உரைத்தல். "கால் வலிக்கும்" என்பது உறுவது கூறல். "சந்தைக்குப் போய் வருகிறேன்" என்பது இனமொழி. இந்த ஐந்திலும் 'ஆம்' இல்லை. 'இல்லை' என்ற சொல்லும் இல்லை. எனினும் கேட்டவனுக்குப் பொருள் விளங்கிவிடுகிறது. ஆகவேதான் அவற்றைப் பிழை என்று தள்ளாமல், விடை என்றே ஏற்றுக் கொண்டனர் இலக்கணம் கண்டவர்கள்.

ஏழெட்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே நம் இலக்கணம் ஏற்றுக் கொண்ட ஐந்து விடைகளை, இன்று கையிலே படிவத்தோடு போகிறவர் ஏற்க மறுக்கிறார். படிவத்திலே இரண்டு கட்டங்கள்தாம் உண்டு. மூன்றாவது கட்டம் அச்சிடப்படவில்லை. ஆகவே அந்த மனிதருக்குச் சிந்திக்கத் தெரியவில்லை! நல்ல நியாயம்!

விடை என்பது வினாவிலிருந்து மட்டும் பிறப்பதன்று. கேட்பவன் யார், எதற்காகக் கேட்கிறான், பக்கத்தில் நிற்பவர் யார், சொன்னால் என்ன கிடைக்கும், சொன்னால் எது பறிபோகும் - இத்தனையும் சேர்ந்தே விடையை ஆக்குகின்றன. இந்த மதுரையிலே சொல்லப்படும் திருவிளையாடற் கதையையே எடுத்துக் கொள்ளுங்கள். கதையைக் கதையாகவே சொல்கிறேன். பெண்ணின் கூந்தலுக்கு இயற்கை மணம் உண்டா என்பது பாண்டியன் மனத்திலே எழுந்த ஐயம். கேட்டவன் மன்னன். விடைக்குப் பரிசு பொற்கிழி. அந்த ஐயத்தைத் தீர்க்கும் பாடலோடு அவைக்கு ஓடி வந்தவன் தருமி என்னும் ஏழை. நக்கீரர் குற்றம் கண்டார், அஞ்சாது நின்றார் என்று நாம் மேடைதோறும் பாராட்டுகிறோம், பாராட்டத்தான் வேண்டும். ஆனால் தருமிக்குக் கூந்தலைப் பற்றி என்ன கவலை? அவனுடைய கவலை கிழியிலே முடிந்திருந்த பொன். மன்னன் எந்த விடையை விரும்புகிறான் என்பது தெரிந்தால் போதும், பசித்தவன் அந்த விடையைக் கொண்டு வருவான்.

கடல் கடந்த செய்தி ஒன்றையும் சொல்ல வேண்டும். சோவியத் உளவியல் அறிஞர் அலெக்சாந்தர் லூரியா, 1931, 1932 ஆம் ஆண்டுகளில் உஸ்பெக்கிஸ்தான், கிர்கீசியா நாட்டுப்புறங்களுக்குச் சென்றார். எழுத்தறியாத உழவர்களிடம் ஒரு புதிர் போட்டார். பனி சூழ்ந்த தொலை வடக்கிலே கரடிகள் எல்லாம் வெள்ளை நிறம். நோவயா செம்லியா தொலை வடக்கிலே இருக்கிறது. அங்குள்ள கரடிகள் என்ன நிறம்? பள்ளியிலே சிறிதளவு படித்தவர்களும், கூட்டுப் பண்ணையிலே பயிற்சி பெற்றவர்களும் "வெள்ளை" என்றனர். எழுத்தறியாத உழவர்களோ, தாம் அங்கே போனதில்லை, பார்க்காததைப் பற்றிப் பேசுவதற்கில்லை, போய் வந்தவர்களைக் கேளுங்கள் என்னும் பொருள்பட மறுமொழி கூறினர். அந்த ஆய்வு நூலாக வெளிவந்தது 1974இல். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டியதாயிற்று.

இதைப் படித்ததும் சிலர், "பார்த்தீர்களா, பாமரனுக்குத் தருக்கம் வராது!" என்று துள்ளுவர். வேண்டாம்; சற்றுப் பொறுங்கள். பின்னர் 1970களில் ஆப்பிரிக்காவின் லைபீரியா நாட்டில் வாய் என்னும் மக்களிடையே சில்வியா ஸ்கிரிப்னரும் மைக்கேல் கோலும் ஆராய்ந்தனர. அம்மக்களுக்குச் சொந்த எழுத்து உண்டு. அதைப் பள்ளியிலே படிப்பதில்லை. அந்த எழுத்தை மட்டும் அறிந்தவர்கள் இத்தகைய புதிர்களில் பெரிதும் மாறிவிடவில்லை. பள்ளிக்குச் சென்றவர்களிடமே மாற்றம் தென்பட்டது. அதாவது, நான் சொல்வதை மட்டும் மெய்யென்று வைத்துக் கொள், நீ அறிந்ததை ஒதுக்கி வை, பிறகு விடை சொல் என்னும் விளையாட்டைப் பள்ளி கற்றுத் தருகிறது. விளையாட்டின் விதி தெரியாதவனுக்கு அறிவு இல்லை என்று எப்படிச் சொல்வது? ஸ்கிரிப்னர் இன்னொன்றையும் கண்டார். புதிரில் கொடுத்த கூற்றை ஏற்காதவர்கள், தாம் அறிந்த செய்தியை முதற்கூற்றாக வைத்துக் கொண்டு, அதிலிருந்து முறையாகவே முடிவுக்கு வந்தனர்.

வெள்ளைக் கரடியை விட்டுவிடுவோம். நம் ஊருக்குத் தண்ணீரைத் தவிர வேறு எது புதிர்? மேலூர்ப் பக்கத்துக் கடைமடை உழவர் ஒருவரிடம் நான் லூரியாவாக நின்று கேட்பதாக வைத்துக் கொள்ளுங்கள். "பெரியாறு பிரதானக் கால்வாயில் தண்ணீர் திறந்தால் கால்வாய்ப் பாசன ஊர்களுக்கெல்லாம் தண்ணீர் கிடைக்கும். உங்கள் ஊர் கால்வாய்ப் பாசன ஊர். கால்வாயில் தண்ணீர் திறந்தாயிற்று. உங்கள் ஊருக்குத் தண்ணீர் கிடைக்குமா?" பள்ளி மாணவன் "கிடைக்கும்" என்பான்; முழு மதிப்பெண் பெறுவான். உழவரோ என்ன சொல்வார்? "அணையில் எத்தனை அடி நிற்கிறது?" என்பார். "மேலே இருக்கிறவன் எப்போது மடையை அடைப்பான்?" என்பார். 1895இல் பெரியாற்று நீர் மலையைக் குடைந்து இந்தப் பக்கம் வந்ததும், 1959இல் வைகை அணை எழுந்ததும், 2014இல் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை நீரைத் தேக்கலாம் என்று தீர்ப்பளித்ததும் அவருடைய அந்த ஓர் எதிர்க்கேள்விக்குள் அடங்கியிருக்கின்றன. மாணவன் சொன்னது தருக்கப்படி சரி. ஆனால் அவன் விடையை நம்பி நாற்று விட்டவனுக்கு நாற்றங்கால் காய்ந்துவிடும்!

இத்தகைய சூழல் சார்ந்த சிந்தனையை இந்தியருக்கே உரிய இயல்பாகக் காண்பவரும் உண்டு. இந்தியச் சிந்தனைக்கென்று தனி முறை ஒன்று உண்டா என்று கேட்டு ஏ. கே. இராமானுசன் 1989இல் வெளியிட்ட கட்டுரை இன்றும் பேசப்படுகிறது. சங்கப் பாடலின் திணையையும் அவர் அதிலே சான்றாகக் காட்டினார். பேரறிஞர், மதிக்கிறேன். ஆனால் இது இந்தியருக்கு மட்டுமே உரியது என்று எவரேனும் சொன்னால் அதை நான் ஒப்பவில்லை. இலண்டன் நகரிலே வாடகை பாக்கி வைத்திருப்பவன் வீட்டுக்காரனிடம் பேசுவது ஒரு விதம், நண்பனிடம் பேசுவது வேறு விதம். அச்சமும் ஆதாயமும் எங்கும் உண்டு. யார் எதற்கு அஞ்ச வேண்டியிருக்கிறது என்பதுதான் ஊருக்கு ஊர் மாறுகிறது.

நம் ஊரிலே எதற்கு அஞ்ச வேண்டியிருந்தது? அதைச் சொல்கிறேன், கேளுங்கள்.

"உன் பெயர் என்ன? எந்த ஊர்?" இவற்றைவிட எளிய கேள்விகள் உலகிலே உண்டா? ஆனால் வெள்ளையர் ஆட்சியில் குற்றப் பரம்பரைச் சட்டம் இங்கே பாய்ந்தபோது, பிரமலைக் கள்ளர் வீட்டு வாசலில் அந்தக் கேள்விகளைக் கேட்டவன் காவல்துறைக்காரன். விடை சொன்னால் பெயர் பதிவேட்டில் ஏறும், கைரேகை பதியப்படும், இரவிலே காவலர் கண்காணிப்பில் கிடக்க வேண்டும், வெளியூர் செல்ல அனுமதிச் சீட்டு வேண்டும். மக்கள் அதற்கு 'ரேகைச் சட்டம்' என்றே பெயரிட்டனர். ரேகை வைக்க மறுத்துப் பெருங்காமநல்லூர் மக்கள் எதிர்த்து நின்றனர். 1920 ஏப்ரல் 3ஆம் நாள் அங்கே துப்பாக்கி வெடித்தது. மாயக்காள் என்னும் பெண் உட்படப் பலர் மாண்டனர். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது 1947இல். அதுவரை இந்த மண்ணிலே "உன் பெயர் என்ன?" என்பது அறியாதவன் அறிந்து கொள்ளக் கேட்ட வினா அன்று, அது ஒரு விலங்கு. அந்தப் பாட்டனுக்குப் பேரனாய்ப் பிறந்தவன், படிவத்தோடு வருகிறவரைக் கண்டதும், "எதுக்குக் கேக்குறீங்க?" என்கிறான். அவனைப் பார்த்தா சிந்திக்கத் தெரியாதவன் என்கிறீர்கள்?

ஆனால், ஒடுக்கப்பட்டவன் பிறனை ஒடுக்க மாட்டான் என்பதற்கு உறுதி எதுவும் இல்லை. அதே உசிலம்பட்டிச் சீமையிலேதான் இன்னொரு கேள்விக்கு மௌனம் விடையாயிற்று. 1996இல் ஊராட்சித் தலைவர் பதவிகள் தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டபோது, மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டகச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளிலும் தேர்தல் முறையாக நடக்கவில்லை. "வேட்புமனு கொடுப்பவர் யாரேனும் உண்டா?" என்று அரசு கேட்டது. எவரும் வரவில்லை, சில வேளைகளில் ஒருவர் நிறுத்தப்பட்டு, வென்ற கையோடு பதவி விலகினார். கோப்பிலே எழுதுகிறவர் என்ன எழுதுவார்? "மனு இல்லை." அதைப் படிக்கிறவர், "அவர்களுக்கே விருப்பமில்லை போலும்" என்று முடிவு கட்டுவார்.

விருப்பம் இல்லையாம்! மேலூரை அடுத்த மேலவளவில் துணிந்து மனுக் கொடுத்துத் தலைவரானவர் முருகேசன். 1997 ஜூன் 30ஆம் நாள் அவரும் மேலும் ஐவரும் வெட்டிக் கொல்லப்பட்டனர். அந்தச் செய்தி பாப்பாபட்டிக்குப் போய்ச் சேர அஞ்சல் தேவையில்லை. அதன்பிறகு அங்கே நிலவிய மௌனத்தை இலக்கணப்படி எந்த வகையில் சேர்ப்பது? 'உறுவது கூறல்' என்பேன் நான். வரப்போவதை வாய் திறவாமலே கூறிவிட்டார்கள் அம்மக்கள்.

அதே ஊர்கள், 2006 அக்டோபரில் வேறு விடை சொல்லின. தேர்தல் நடந்தது, தலைவர்கள் பதவி ஏற்றனர், தொடர்ந்து பொறுப்பு வகித்தனர். பத்தாண்டுகளில் அம்மக்களின் மூளை மாறிவிட்டதா? இல்லை. அரசு உறுதியாக நின்றது. மாவட்ட நிருவாகம் ஊர் ஊராய்ப் பேசியது. இயக்கங்கள் ஓயாமல் குரல் கொடுத்தன. சூழல் மாறிற்று, விடை மாறிற்று.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. அந்தப் பத்தாண்டுகளில், "அது அவர்கள் ஊர் வழக்கம், அவரவர் பண்பாடு, நாம் தலையிடலாமா?" என்று கேட்ட மேதாவிகளும் இருந்தனர். பண்பாடு சிந்தனையை உருவாக்குகிறது என்று நான் சொல்வதை எடுத்துக் கொண்டுபோய் அவர்கள் கையிலே கொடுத்துவிடாதீர்கள்! ஒரு விடை எப்படிப் பிறந்தது என்று அறிவது வேறு. அதற்குப் பூச்சூட்டிப் பல்லக்கில் ஏற்றுவது வேறு. உத்தபுரத்துச் சுவரை எண்ணிப் பாருங்கள். ஒரு பக்கத்தாரைக் கேட்டால் பாதுகாப்புச் சுவர்; மறு பக்கத்தாரைக் கேட்டால் தீண்டாமைச் சுவர். இரண்டு விடைக்கும் காரணம் காட்டலாம். ஆயினும் சுவர் ஒன்றுதானே? அது யாருடைய வழியை மறித்தது என்பதைச் சென்று பார்த்தவர் அறியலாம். 2008 மே 6ஆம் நாள் அதன் ஒரு பகுதி இடிக்கப்பட்டுப் பாதை விடப்பட்டது.

ஏன் இப்போது இவற்றையெல்லாம் பேசுகிறேன்? காரணம் இருக்கிறது. மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் சாதியையும் சேர்ப்பது என்று 2025 ஏப்ரல் 30ஆம் நாள் ஒன்றிய அமைச்சரவை முடிவு செய்தது. 2027 மார்ச் 1ஆம் நாள் குறிப்பு நாள் என்றும் அறிவிக்கப்பட்டது. சாதிகள் அனைத்தையும் எண்ணி வெளியிட்ட கடைசிக் கணக்கு 1931ஆம் ஆண்டினுடையது. அதிலே காணப்பட்ட சாதிகள் 4,147. பின்னர் 2011இல் சமூகப் பொருளாதாரச் சாதிக் கணக்கெடுப்பு நடந்ததே, அதிலே எத்தனை பெயர்கள் வந்தன தெரியுமா? 46 லட்சத்துக்கும் மேல்! ஒன்றிய அரசே 2021இல் உச்ச நீதிமன்றத்தில் கூறிய எண்ணிக்கை இது. எண்பது ஆண்டுகளில் நாலாயிரம் சாதிகள் நாற்பத்தாறு லட்சமாகக் குட்டி போட்டுவிட்டனவா? இல்லை. "உங்கள் சாதி என்ன?" என்ற ஒரே கேள்விக்கு ஒருவர் சாதிப் பெயர் சொன்னார், ஒருவர் உட்பிரிவைச் சொன்னார், ஒருவர் குலத்தைச் சொன்னார், ஒருவர் பட்டத்தைச் சொன்னார், எழுதியவரோ காதிலே விழுந்தபடி எழுத்துக் கூட்டினார். பீகாரில் 2023இல் வெளியான கணக்கெடுப்புக்கு முன்கூட்டியே பெயர்ப்பட்டியலும் குறியெண்ணும் வகுத்துக் கொண்டார்கள். அங்கே அந்தக் குழப்பம் நேரவில்லை. கேள்வியைச் செப்பனிடாமல் விடையைப் பழிப்பவர் இதை நினைவிலே வைக்க வேண்டும்.

இன்னும் கேளுங்கள். நம் சீமையிலே சாதியைச் சாதி என்றே கேட்பவர் குறைவு. "எந்த ஊரு? எந்தத் தெரு? யாரு வீட்டுப் பிள்ளை?" என்பார்கள். மூன்றாவது கேள்வியிலே எல்லாம் தெரிந்துவிடும். மதுரை நகருக்குள் வாடகைக்கு வீடு தேடி வரும் தாழ்த்தப்பட்ட குடும்பத்துக்கு அந்த மூன்று கேள்விகளின் பொருளும் தெரியும். எதைச் சொன்னால் "வீடு ஏற்கெனவே பேசியாச்சு" என்ற பதில் வரும் என்பதும் தெரியும். ஆகவே ஊரைச் சொல்வார்கள், தெருவை விழுங்குவார்கள். நாளைக்குக் கணக்கெடுப்பவர் காம்பவுண்டு வீட்டு வாசலில் நின்று, திண்ணையிலே வீட்டுக்காரர் அமர்ந்திருக்க, உரத்த குரலில் "என்ன சாதி?" என்று கேட்டால், அந்தத் தாய் என்ன சொல்வாள்? அவள் சொல்வது பொய்யாக இருந்தால் அந்தப் பொய்க்கு யார் பொறுப்பு? அந்தப் பொய்யின் மீது கட்டப்படும் இட ஒதுக்கீட்டுக் கணக்குக்கு யார் பொறுப்பு?

பெண்களின் வேலைக் கணக்கும் இப்படித்தான். "என்ன வேலை செய்கிறீர்கள்?" "சும்மா வீட்டுலதான் இருக்கேன்." விடியுமுன் மல்லிகை பறித்தவள், பகலெல்லாம் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போட்டவள், மாலையிலே மாட்டுக்குத் தீனி வைத்தவள் சொல்லும் விடை இது! ஊர் அவளுக்குக் கற்பித்த இலக்கணம் அது: கூலி கையிலே வந்தால் வேலை, வராவிட்டால் 'சும்மா'. 1991 கணக்கெடுப்பில், கூலியின்றித் தன் நிலத்திலும் குடும்பத் தொழிலிலும் உழைப்பதும் வேலைதான் என்று கேள்விக்குள்ளேயே சேர்த்துக் கேட்கச் செய்தனர். ஆனால் அச்சிட்டதை எல்லாம் வாசலிலே நிற்பவர் கேட்கிறாரா? "வேலைக்குப் போறீங்களாம்மா?" என்று சுருக்கிவிட்டால் பழைய 'சும்மா'தான் வரும். "நேற்றுக் காலை எழுந்ததும் என்ன செய்தீர்கள், அப்புறம் என்ன?" என்று கேட்டுப் பாருங்கள், ஒரு மணி நேரம் சொல்வாள்.

நம் சொந்தக் கணக்கையும் பார்ப்போம். கரை வேட்டியும் தோளிலே துண்டுமாகப் போய், "யாருக்கம்மா ஓட்டு?" என்று கேட்கிறோம். "உங்களுக்குத்தான், வேற யாருக்கு?" என்கிறாள். மகிழ்ந்து குறித்துக் கொள்கிறோம். பத்து நிமிடம் கழித்து மாற்றுக் கட்சிக்காரர் வருகிறார்; அவரும் மகிழ்ந்து குறித்துக் கொண்டு போகிறார்! இலக்கணப்படி பார்த்தால் இரண்டும் நேர்விடை. வீடு தேடி வந்தவரை வாட்டமாக அனுப்பக் கூடாது என்ற மரியாதையும், வம்பு எதற்கு என்ற எச்சரிக்கையும் சேர்ந்த விடை அது. மாலையிலே கிளை அலுவலகத்தில் அந்தக் குறிப்புகளைக் கூட்டிப் பார்த்து வெற்றி உறுதி என்று அறிக்கை அனுப்புகிறவர், எதிர்க்கேள்வி கேட்ட உழவரைப் பார்த்துத் தருக்கம் தெரியாதவர் என்கிறார்!

கணக்கெடுப்பாளர் அரசு ஊழியர்; அவர் பணியிலே நாம் குறுக்கிடக் கூடாது. ஆனால் அவர் வருமுன் செய்ய வேண்டிய வேலை நமக்கு நிரம்ப உண்டு. துண்டை மடித்து வைத்துவிட்டுப் போங்கள். படிவத்தோடு போகாதீர்கள். தாழ்த்தப்பட்டோர் குடியிருப்புக்கு ஊர்ப் பெரியவரை உடன் அழைத்துச் செல்லாதீர்கள்; பெண்களிடம் பேசப் பெண் தோழர்களை அனுப்புங்கள். எதற்காக இந்தக் கணக்கு, யார் கைக்குப் போகும், சொன்னால் எவருக்கும் தீங்கு வராதபடி சட்டம் என்ன காப்புத் தருகிறது என்பதை முதலிலே சொல்லுங்கள். வாசலிலே அயலார் நின்றால், உள்ளே அழைத்து உட்கார வைத்து விடை சொல்லலாம் என்பதையும் சொல்லுங்கள். "எதுக்குக் கேக்குறீங்க?" என்று யாராவது திருப்பிக் கேட்டால் முகம் சுளிக்காதீர்கள். அங்கேயே உட்கார்ந்து, அந்தக் கேள்விக்கு முதலில் விடை சொல்லுங்கள்.